தலையில் இருந்த நேரம்

கொட்டகலைத் தேயிலைத் தோட்டத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் மாலை வெளிச்சம் ஈரமாக விழுகிறது. தராசருகே கணக்கப்பிள்ளை மிலான் கைப்பேசியைத் தட்டிப் பார்க்கிறான். "எட்டு மணித்தியாலத்துக்கு முக்கால் மணி கொறையுதுங்க. எல்லாருக்கும் அரைப்பேருதான்." பாதிநாள் வேலையென்றே அது பதிவாகும். வரிசையின் முதலில் நிற்கும் கொழுந்து பறிக்கும் பெண் ஜோசப்பின், தன் கூடையை இறக்கவில்லை. "நிறுக்கிறதுக்கு நின்னோமே ஐயா, அந்த முக்கால் மணிய விட்டுட்டீங்களே." "அது வேலை இல்லீங்களே, சும்மா நின்ன நேரம்." "அப்ப கொழுந்து யாரு தலையில இருந்துச்சு?" குரல் கொஞ்சமும் உயரவில்லை, என்ன நிதானம்! கூடையைத் தாங்கும் தலைக்கயிற்றைச் சற்றே நகர்த்துகிறாள். நெற்றியில் சிவந்த தடம். பின்னால் நிற்கும் இருபது பெண்களும் கயிற்றை நகர்த்துகிறார்கள். மிலான் ஒவ்வொரு நெற்றியாகப் பார்க்கிறான். அரைப்பேரை அழித்து, எல்லோருக்கும் முழுப்பேர் போடுகிறான். அதன் பிறகுதான் ஜோசப்பினின் கூடை தரையில் இறங்குகிறது.