ரேடாரில் ஒரு கோடு

டெக்னீஷியன் நீட்டிப் பிடித்திருந்ததைப் பார்த்ததும் தெருமுனைக் கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். அது துப்பாக்கி இல்லை, வெறும் ஆன்டெனாதான் என்று விளக்கிக்கொண்டிருக்க, கூட வந்த வயர்லெஸ் கண்காணிப்பு அதிகாரிக்கு நேரமில்லை.

விமான நிலையத்திலிருந்து மறுபடியும் போன். வானிலை ரேடாரில் புயல் மேகம் தெரியவேண்டிய பக்கத்தை ஒரு வெள்ளைக் கோடு மறைத்துக்கொண்டு நிற்கிறதாம். மேகம் எங்கே என்று தெரியாமல் இரண்டு விமானங்கள் மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன.

எல்லாம் இந்தப் பகுதியில் யாரோ ஒரு புண்ணியவான் செய்த வேலை. வைஃபை எட்டவில்லை என்று ரவுட்டரில் வேறு நாட்டைத் தேர்ந்தெடுத்து, இங்கே அனுமதியில்லாத அலைவரிசையில் பவரை ஏற்றியிருக்கிறார்; அந்த அலைதான் ரேடாரில் கோடாக விழுகிறது. பாஸ்போர்ட் இல்லாமலே பெட்டி வெளிநாடு போய்விட்டது.

"மாடிக்கு எட்டலைன்னா பெட்டியை நடுவீட்டுல வைக்கணும். இல்ல, மாடிக்கு இன்னொண்ணு வாங்கணும்," என்று பொருமினார் அதிகாரி. "இது தெரியாத்தனமா பண்ணினது இல்ல. விஷயம் தெரிஞ்சவன் கைவேலை. யாரா இருந்தாலும் இன்னைக்கு கேஸ்தான்."

முதல் தடவையாக இருந்தால் எச்சரித்து விட்டுவிடலாமே என்று டெக்னீஷியன் மெல்ல இழுத்தார். அதை மேலே சுற்றுகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள் என்று அதிகாரி அவர் வாயை அடைத்தார்.

அடுத்த தெருவில் மழைத்தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நின்றது. மீட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே டெக்னீஷியன் ஓரிடத்தை மட்டும் தாண்டிக் கால் வைத்தார். பின்னால் வந்த அதிகாரியின் கால் அதே இடத்தில், உடைந்த சாக்கடை மூடிக்குள் முழங்கால் வரை இறங்கியது. வலியைவிட அவருக்கு ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

எந்த மூலையில் நின்று பார்த்தாலும் முள் ஒரே வீட்டின் பக்கம்தான் எகிறியது. பச்சைக் கதவு. பூட்டியிருந்தது. உள்ளே ஆளில்லை.

மறுபடி போன். ஒரு விமானத்தில் எரிபொருள் குறைந்துகொண்டே வருகிறதாம்.

"போலீஸ் வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாது," என்றார் அதிகாரி. " பூட்டை உடைங்க. பழி என்மேல இருக்கட்டும்."

டெக்னீஷியன் ஆன்டெனாவைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

"உடைக்க வேண்டாம் சார். சாவி என்கிட்டதான் இருக்கு."