கூரையில் வைத்த கை

குளியலறையில் ஸ்டூல் மேல் ஏறி நிற்கிறாள் அக்கா. ஒழுகலை அடைத்தாயிற்று என்கிறார்கள் மாடி வீட்டுக்காரர்கள். போன தடவையும் அப்படித்தான் சொன்னார்கள்; நம்பிக் கூரைக்குப் பெயிண்ட் அடித்தாள், மறுவாரமே ஈரக் கறை பல்லிளித்தது. இந்தமுறை அவள் விடுவதாயில்லை. சுரண்டச் சுரண்ட, உப்பிய காரை ஸ்டூலைப் பிடித்திருக்கும் தம்பியின் தலையில் மாவாய் உதிர்கிறது. "போதும்க்கா, பூசிடலாம்." "வாயை மூடு, காரை விழும்." வெறும் கான்கிரீட் தெரிந்ததும் உள்ளங்கையை அதில் அழுத்தி, ஜன்னல் வழியே மாடிக்குக் குரல் கொடுக்கிறாள்: "இப்ப குழாயைத் திறங்க." மேலே தண்ணீர் தடதடவென்று கொட்டுகிறது. தோள் கடுக்கிறது, கை அசையவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் தூசி மெல்ல இறங்குகிறது. சத்தம் ஓய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்தக் கையைத் தம்பியின் கன்னத்தில் வைக்கிறாள். "ஈரமா இருக்கா?" "இல்லக்கா, சொரசொரன்னு இருக்கு." "அப்ப பூசறதுக்குப் பட்டியைக் கலக்கு."