அப்டேட் முடியும்வரை

"பாதியில விட்டுட்டா மெஷின் செத்துப்போயிரும் அண்ணே. போனை அதுக்குப் பக்கத்துலயே பிடிச்சுக்கங்க. நகராதீங்க."

போனில், மெஷினைப் பொருத்திய கொழும்புக் கம்பெனியின் பெண் மறுபடியும் அதையே சொன்னாள். அழகருக்கு எரிச்சலாக வந்தது. ஒரு கையில் குடை, மறு கையில் போன். மழையோ குடையை மதிக்கவே இல்லை.

மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. உச்சியில், பாறையை ஒட்டி நட்ட இரும்புக் கம்பத்தில் ஒரு பெட்டி இருந்தது. மழையையும் மண்ணின் அசைவையும் அளந்து, மலை சரியப் போகிறதென்றால் கீழ் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பொருத்தியிருக்கும் சைரனை அலறவைக்கும் கருவி. ஹல்துமுல்லையிலிருந்து போன மாதம்தான் மாறிவந்த வாச்சர் அழகர். தேயிலைக் காவலோடு இந்தப் பெட்டியின் காவலும் அவன் தலையில் விழுந்திருந்தது.

"மழை விட்டதும் செய்வோமே மிஸ். ஒங்க பெரிய ஐயாவும் அப்படித்தானே சொன்னாரு?"

"சொன்னாரு. நான்தான் முடியாதுன்னுட்டேன். மழை கூடினா இந்த மெஷின் மரத்துப் போயிருது அண்ணே. உள்ள ஓடுற புரோகிராம்ல கோளாறு. காலையிலேருந்து ஒரு தகவலும் வரல. புதுப் புரோகிராமை என் லேப்டாப்லேருந்து அனுப்பிக்கிட்டிருக்கேன். பெட்டியோட சிம்முக்குச் சிக்னல் இல்ல. ஒங்க போன் வழியாத்தான் போகுது."

"அதுக்குப் பதிலா கீழ் லயத்து ஆளுங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொல்லிட்டா முடிஞ்சுச்சே?"

"சொல்லாமலா இருப்பேன்? சைரனே சும்மா இருக்கு, ஒனக்கு என்ன பயம்னு கேக்கிறாங்க. அது அடிச்சாத்தான் வெளிய வருவாங்க."

அழகர் குனிந்து பார்த்தான். பாறைக்குக் கீழே, தேயிலைச் செடிகளுக்கு நடுவே, காலையில் விரல் நுழையுமளவு இருந்த வெடிப்பில் இப்போது காலே நுழையும். செம்மண் தண்ணீர் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"வெடிப்பு பெருசாகுது மிஸ். நான் எறங்குறேன்."

"பாறையை விட்டு எறங்கவே எறங்காதீங்க! அந்த மலையிலயே உறுதியான இடம் அதுதான். பாத்துப் பாத்துத்தான் அங்க வெச்சோம்."

"கொழும்புல நாற்காலியில ஒக்காந்துக்கிட்டுச் சொல்றது லேசு மிஸ். மண்ணு வந்தா சாகப்போறது இங்க உள்ளவங்க. நீங்க வந்து நின்னு பாருங்க, தெரியும்!"



"மேல ஏற முடிஞ்சா நானே வந்திருப்பேன் அண்ணே. முடியல. அதனாலதான் ஒங்களைக் கேக்கிறேன். இன்னும் கொஞ்சம் நில்லுங்க."

அந்தக் குரலில் கெஞ்சல் இருந்தது. விட்டுக்கொடுக்கிற எண்ணம் மட்டும் இல்லை. அழகர் குடையைப் போனுக்கும் பெட்டிக்கும் மேலாகப் பிடித்தான். தான் நனைந்தான்.

"பெட்டியில லைட் என்ன கலர்ல மின்னுது?"

"செவப்பு."

"பிடிச்சுக்கங்க... இப்போ?"

"செவப்புதான்... இல்ல மிஸ், நீலம்! நீலமாயிருச்சு!"

"போய்ச் சேந்துருச்சு! இப்ப அதுவே அணைஞ்சு திரும்ப எந்திரிக்கும். கை வெச்சிராதீங்க."

விளக்கு அணைந்தது. அணைந்தது அணைந்தபடியே இருந்தது. அழகர் கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தான். குடையிலிருந்து தண்ணீர் அவன் முழங்கை வழியே வழிந்தது.

"பச்சை!" என்று கத்தினான். "பச்சை மிஸ், பச்சை!"

சொல்லி வாய் மூடவில்லை. கீழ் லயத்திலிருந்து சைரன் அலறியது. மலையெங்கும் அதே சத்தம்.

"சும்மா சோதிச்சுப் பாக்கிறீங்களா மிஸ்?"

"இல்ல அண்ணே, நெசமாவே அடிக்குது! மண்ணு நகருது!"

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பனிமூட்டம் லேசாக விலகியபோது கீழே ஆட்கள் ஓடுவது அழகருக்குத் தெரிந்தது. பிள்ளைகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வயதானவர்களைத் தோளில் சுமந்துகொண்டு, பள்ளிக்கூடப் பாதையில் ஏறினார்கள். கடைசி ஆட்களும் வளைவைத் தாண்டிச் சற்று நேரத்தில் சரிவின் ஒரு பக்கம் கழன்றது. தேயிலைச் செடிகள் நின்றபடியே கீழே போயின. லயத்தின் கடைசி அறை மண்ணுக்குள் மறைந்தது. பாறை அசையவில்லை.

அழகர் போனை வாயருகே கொண்டுபோனான்.

"மிஸ்... கேக்குதா மிஸ்? எல்லாரும் ஏறிட்டாங்க! ஒருத்தரும் மாட்டல! கடைசிக் காம்பராதான் போச்சு!"

மூச்சிரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் சொன்னாள்:

"தெரியும் அண்ணே."

"அதுக்குள்ள கொழும்புக்கு யாரு சொன்னா?"

"நான் கொழும்புல இல்ல. சொன்னா மெஷினை விட்டுட்டு எங்களைத் தூக்க ஓடி வந்துருவீங்கன்னுதான் சொல்லல. நான் கீழ் லயத்து இராக்கம்மா மக ஜீவராணி அண்ணே. பச்சப் புள்ளையோட இப்பதான் பள்ளிக்கூடத்துல ஏறினேன். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்து நான் படுத்திருந்ததுதான் அந்தக் கடைசிக் காம்பரா."