ஒரே ஜோடி

மெர்சி ராணிப்பேட்டையில் ஒரு ஷூ கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை செய்கிறாள். அவள் ஓடும் ஷூ, ஆர்டர் வராமல் போன சாம்பிள். அந்த மாதிரி சோல் வைத்துச் செய்தது மொத்தமே அவள் கையால் ஒட்டிய அந்த ஒரே ஜோடிதான்.

வலது முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அது ஆறு மாதம் பரண்மேல் கிடந்தது. மறுபடி ஓடிய முதல் நாள், டாக்டர் சொன்னபடி ஏரிக்கரையில் அரைக் கிலோமீட்டரில் நின்றாள். அதற்கு அப்பால், மழை ஈரத்தில், அதே சோலின் தடம் போயிருந்தது.

"ஏங்க, என் ஷூவ யார்னா போட்டாங்களா?" என்று கணவன் ஜான்சனிடம் கேட்டாள்.

"நாலாம் நம்பர் ஷூ. உன்னத் தவிர யாருக்குப் பத்தும்?"

வாரம் அரைக் கிலோமீட்டர் கூட்டினாள். தடம் தினமும் அவளைத் தாண்டிப் போயிருந்தது. வலது குதிகால் மட்டும் மண்ணில் பதியவில்லை. ஆபரேஷனுக்கு முன் அவள் அப்படித்தான் நொண்டினாள்.

"அந்தத் தடம் எதுவரைக்கும் போவுதுன்னு பாத்துட்றேன்" என்று ஜான்சனிடம் சொன்னாள்.

ஆறாம் வாரம் மூன்று கிலோமீட்டர் ஓடிக் கடைசி மதகைத் தொட்டாள். தடம் அங்கே முடிந்திருந்தது. இரண்டு பாதத் தடங்களும் அருகருகே, அவளைப் பார்த்துத் திரும்பி நின்றன.

மெர்சி மூச்சு வாங்கினாள். ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓட ஆரம்பித்தாள். முழங்காலில் வலி இல்லை. பின்னால் ஒருவர் நொண்டிக்கொண்டே ஓடிவரும் சத்தம் கேட்டது.

அவள் வேகத்தைக் கூட்டினாள்.