வாசலில் சிக்கிய பியானோ

பியானோ வாசலில் சிக்கி நின்றபோது மணி மூன்றரை.

கடையில் மிச்சமிருந்தது அது ஒன்றுதான். சுவரோடு சாய்த்து வைக்கிற சின்னப் பியானோக்கள் பதினாலும் காலையிலேயே லாரி ஏறிப் புதுக் கடைக்குப் போய்விட்டன. இது பெரியது, கறுப்பு, மேசை மாதிரி மூன்று காலில் நிற்பது. வாசலைவிட ஒரு முழம் அகலம் கூடுதல்.

கடைக்காரம்மாவின் கொழுந்தனும் லாரி ஆட்கள் இருவரும் தள்ளிப் பார்த்தார்கள். இழுத்து, திருப்பி, மறுபடி தள்ளிப் பார்த்தார்கள். அது அசைவேனா என்று நின்றது. லாரி ஆட்கள் அதுவரை பீரோவும் கட்டிலும்தான் ஏற்றியவர்கள்.

கொழுந்தன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"பேசாம தள்ளு தம்பி" என்றாள் பியானோக்காரம்மா.

தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, தள்ளுகிறவர்களுக்கு நடுவில் நின்றாள்.

வெளியே கட்டட முதலாளி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நாளைக்கு இங்கே செருப்புக் கடை திறக்கப் போகிறவர், அவர் கூட்டி வந்த கொத்தனார், அலமாரி பொருத்த வந்த ஆட்கள். நாலு மணிக்குச் சாவி கைமாற வேண்டும். அந்த நாலு மணியைக் குறித்ததே முதலாளிதான். ஒரு துரும்பு உள்ளே இருக்கக் கூடாது என்று மூன்று முறை ஆள் அனுப்பிச் சொன்னதும் அவர்தான்.

இருபத்திரண்டு வருடக் கடை. காலி செய்யச் சொன்னால் செய்துவிட்டுப் போகலாம், அதற்கெல்லாம் அழுகிறவள் இல்லை அவள். அவள் வயிறெரிந்தது அந்தச் சுவரைப் பார்த்துத்தான்.

ஆறு வருடத்துக்கு முன்னால் முதலாளி கடை முகப்பில் பாதியை மறித்து ஒரு செங்கல் சுவர் எழுப்பினார். அதற்குப் பின்னால் ஓர் அறை கிடைக்கும், கடிகாரம் பழுது பார்ப்பவனுக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்கு. கடிகாரக்காரன் மூன்றே மாதத்தில் போய்விட்டான். சுவர் மட்டும் நின்றது.

தெருவில் போகிறவர்களுக்கு உள்ளே பியானோ இருப்பதே தெரியாமல் போனது. பட்டப்பகலிலும் குழல்விளக்கைப் போட்டுக்கொண்டு கம்பிகளுக்குச் சுருதி சேர்த்தார் அவள் கணவர். வாயில்லாப் பூச்சி அவர். இருந்தும் ஒருநாள் மனசைத் திடப்படுத்திக்கொண்டு போய், சுவரை எடுத்துவிட முடியுமா என்று முதலாளியிடம் கேட்டார்.

"ஏன், சுவரைப் பாத்தா உனக்கு வாசிக்க வராதா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்களாம். வீட்டில் வந்து சொன்னபோது அவரும் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் கடையில் வாசித்ததே இல்லை. சுருதி சேர்ப்பார், மூடிவிட்டு எழுந்துவிடுவார்.

அதை மட்டும் அவளால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது அவர் எதிர்ப்பக்கம் லாரியின் முன் இருக்கையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். இந்த நேரத்தில் இறங்கி வந்துவிடக் கூடாதே என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

"என்னம்மா விளையாட்டு இது? உள்ள வந்தது வெளிய போகாதா?" என்றார் முதலாளி.

"உள்ள வந்தப்ப இந்தச் சுவர் இல்லீங்க."

முதலாளி பியானோவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பியானோவை உடைத்து எடுங்கள் என்றார். தாராளமாக உடைக்கலாம், உள்ளே முழுக்க வார்ப்பிரும்பு, நாளை சாயங்காலம் வரை ஆகும் என்றாள் அவள். செருப்புக் கடைக்காரர் முகம் சுளித்தார். நாளைக் காலையில் அவருக்குத் திறப்பு விழா.

முதலாளி கையைப் பிசைந்தார். கடைசியில் கொத்தனாரைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

கொத்தனார் சம்மட்டியைத் தூக்கும்போதுதான் லாரிக் கதவு திறந்தது. அவள் பயந்தது நடந்துவிட்டது. கணவர் தெருவைக் கடந்து வந்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அவர் குனிந்து பியானோவின் காலைப் பார்த்தார். நிமிர்ந்து அவள் கைப்பையைப் பார்த்தார். பிறகு சுவரை, வெகுநேரம்.

"கீழேர்ந்து உடைக்காதீங்க, பியானோமேல விழுந்துடும். மேலேர்ந்து உடைங்க" என்றார் கொத்தனாரிடம். லாரியிலிருந்து ஒரு கம்பளியை எடுத்து வந்து பியானோவைப் போர்த்தினார்.

நாலேகாலுக்குச் சுவர் விழுந்து முடிந்தது. ஆறு வருடமாக உள்ளே வராத வெயில் கடையின் பின்சுவர்வரைக்கும் போனது. அவர் கம்பளியை உதறி எடுத்து, நின்றபடியே வாசித்தார், முழுதாக ஒரு பாட்டு. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முதலாளி சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை செங்கல் குவியலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது.

புதுக் கடையின் வாசல் பழையதைவிட நாலு விரல் குறுகல்.

லாரி ஆட்கள் அதைப் பார்த்ததும் தலையில் கைவைத்தார்கள்.

பியானோக்காரம்மா கைப்பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்துக் கொழுந்தனிடம் கொடுத்தாள். அவன் மூன்று கால்களையும் கழற்றினான். கம்பளியைச் சுற்றி, பலகைபோலச் செங்குத்தாக நிமிர்த்தி, உள்ளே கொண்டுபோனார்கள். மொத்தம் பத்து நிமிடம். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குடும்பம் பெரிய பியானோவை எந்த வாசலிலும் இப்படித்தான் ஏற்றி இறக்கியிருக்கிறது.

"நான் ஒரு பொய்யும் சொல்லல" என்றாள் அவள்.

அவர் கழற்றிய காலில் ஒன்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சிரித்தபடி அவள் பின்னால் போனார்.