கொழுப்புக் குமிழி

ஃபேனை அணைத்தால்தான் மைக்ராஸ்கோப் ஆடாது. வேர்த்து ஊற்ற, பூங்கோதை ரப்பர் குழாயைப் பல்லால் கவ்வி மெல்ல உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் இருந்த கண்ணாடி ஊசி, தண்ணீரில் மிதந்த கொழுப்புக் குமிழியைப் பிடித்திருந்தது. வாயைத் திறந்தால் குமிழி போய்விடும். காலையிலிருந்து சிக்கியது அது ஒன்றுதான்.

இந்த நேரமாகப் பார்த்துத்தான் பேராசிரியர் சேஷகிரி பின்னால் வந்து நின்றார்.

"உன் ஆராய்ச்சிக் கட்டுரையில முதல் பேரு என் மருமகனோடதா இருக்கட்டும்மா. அவனுக்கு வேலை விஷயம். நீ பொறுமையான பொண்ணு, போன தடவையும் விட்டுக்கொடுத்தே."

அவள் இன்னும் பலமாய் உறிஞ்ச, கன்னம் குழிந்தது. மைக்ராஸ்கோப்பின் திரையில் குமிழியின் தோல் வழுக்கிக்கொண்டு கண்ணாடிக்குள் நாக்காய் நீண்டது. அதன் சுருக்கங்கள் ஒவ்வொன்றாய் விரிந்து மறைந்தன.

"அட, எவ்வளவு இழுத்தாலும் வருதே!" என்று சிரித்தார்.

தோல் விறைத்தது. நாக்கு அப்படியே நின்றது. அவள் உறிஞ்சுவதை நிறுத்தவில்லை. சட்டென்று குமிழி வெடித்தது; திரையில் ஒன்றுமில்லை.

"என்னம்மா, போச்சா? நல்லாத்தானே வந்துச்சு?"

பூங்கோதை குழாயை எடுத்தாள். பல் பட்ட இடத்தில் ரப்பர் பிய்ந்திருந்தது.

"சுருக்கம் இருந்த வரைக்கும் வந்துச்சு சார். இப்ப என் வாய் சும்மாதான் இருக்கு. மறுபடி சொல்லுங்க, முதல் பேரு யாரோடது?"