முதலில் வந்தவள்

புதுக் கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர் நிரப்பி, கடலிலிருந்து வந்த ஒரு கல்லையும் உள்ளே வைத்தார் வீட்டுக்காரர்.

"மீன் எப்ப வரும்?" என்று நச்சரித்தது தொட்டி.

"பொறு. மீனோட கழிவு இந்தத் தண்ணியில விஷமாயிடும். அதைத் தின்னுற கிருமிங்க என் மேல இப்பதான் முளைக்குது. அதுங்க பெருகணும்," என்றது கல்.

"கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணியில விஷமா? போ, அழுக்குப் பிடிச்ச கல்லே!"

தொட்டி இன்னும் பளபளத்துக் காட்டியது. அதில் மயங்கிய வீட்டுக்காரர் மறுநாளே ஒரு கோமாளி மீனை வாங்கி வந்து உள்ளே விட்டார். அவள் சந்தோஷமாகச் சுற்றிச் சுற்றி நீந்தினாள். வந்தவளைப் பயமுறுத்துவானேன் என்று கல்லும் வாயைத் திறக்கவில்லை.

சில நாளில் அவள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவித்தாள்.

"தண்ணி எரியுதே!" என்றாள். மறுநாள் வீட்டுக்காரர் அவள் உடலை வலையில் அள்ளி வெளியே எடுத்தார்.

அவள் விட்டுப்போன கழிவைத் தின்றே கல்லின் மேல் கிருமிகள் பெருகின. கண்ணாடியில் பழுப்புப் பாசி படர்ந்தது. தண்ணீரில் விஷம் அடங்கியது.

பிறகு இன்னொரு மீன் வந்தது.

"அடடா, என்ன சுகமான தண்ணி! யாரு இப்படிப் பக்குவமாக்கி வச்சது?"

"உனக்கு முன்னால வந்தவ," என்றது தொட்டி, மெதுவாக.

"ரொம்ப நல்லவ போல. கூப்பிடுங்களேன், சேர்ந்தே இருப்போம்."